பதினெட்டரை நிமிட இரைச்சலும் சித்தப்பாவின் ஆடியோ கிளிப்பும்

வழக்கமா நம்ம எபிசோட் ஏதாவது ஒரு பழைய கண்டுபிடிப்பில் ஆரம்பிக்கும். இந்த முறை எனக்கு வந்த ஒரு ஃபோன் காலில் ஆரம்பிக்கிறேன்.

பேசினது என் சித்தப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கத்துக்கு நாலு வருஷமா பொருளாளர். லிஃப்ட் ரிப்பேர், தண்ணி லாரிக் கணக்கு, மெயின்டனன்ஸ் பாக்கி, இதுதான் அவர் உலகம். குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் 19 விநாடி ஆடியோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதில் சித்தப்பா குரல் பெயிண்டிங் கான்ட்ராக்ட் பற்றிப் பேசிவிட்டு, "நாமளும் இதுல ஒரு கமிஷன் வாங்கிக்கலாம்" என்று முடிகிறது.

"தம்பி, நான் சொன்னது அது இல்லடா. 'நாமளும் இதுல ஒரு கமிஷன் வாங்கிக்கலாம்னு நினைக்கிறவங்க இந்தக் கமிட்டியில இருக்கவே வேண்டாம்'னு சொன்னேன். நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? இது வெட்டினதுன்னு ஒரு லெட்டர் மாதிரி எழுதிக் கொடேன். குரூப்ல போட்டுடறேன்."

"அனுப்புங்க சித்தப்பா, பாக்கறேன்" என்றேன். பெரிய வேலையில்லை என்றுதான் நினைத்தேன். அந்த சனி, ஞாயிறு முழுக்க நான் படித்ததும் முட்டி மோதியதும்தான் இந்த எபிசோட். அந்த லெட்டர் என்ன ஆச்சுன்னு கடைசியில் சொல்றேன்.

ஒரு டேப், ஆறு நிபுணர்கள்

ஒலிப்பதிவில் கைவைத்ததைக் கண்டுபிடிக்கும் துறைக்குப் பெரிய வெளிச்சம் கொடுத்த வழக்கு எதுன்னு கேட்டால், எல்லாரும் காட்டுவது அமெரிக்க வெள்ளை மாளிகையின் ஒரு டேப்பைத்தான்.

1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். மூன்று நாள் கழித்து, ஜூன் 20 அன்று, அதிபர் நிக்சனும் அவருடைய தலைமை அதிகாரி ஹால்டெமனும் பேசினார்கள். தன் அறைகளில் நடக்கும் பேச்சை எல்லாம் தானாகவே பதிவு செய்யும் ஏற்பாட்டை நிக்சன் செய்து வைத்திருந்தார். இது வெளியில் யாருக்கும் தெரியாது. 1973 ஜூலையில் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட் என்ற முன்னாள் உதவியாளர் செனட் விசாரணையில் அதைப் போட்டு உடைத்தார். டேப்களைக் கொடு என்று நீதிமன்றம் கேட்டது.

1973 நவம்பரில் வெள்ளை மாளிகை வக்கீல்கள் நீதிபதி ஜான் சிரிகாவிடம் வந்து ஒரு சங்கடமான விஷயத்தைச் சொன்னார்கள். ஜூன் 20 டேப்பில் 18½ நிமிடம் பேச்சே இல்லை. வெறும் 'ஙொய்ங்' என்ற இரைச்சல். அன்றைய சந்திப்பில் ஹால்டெமன் கையால் எழுதிய குறிப்புகள் கிடைத்தன. அவற்றில் வாட்டர்கேட் பற்றிய பேச்சு இருந்தது.

நிக்சனின் செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ் சொன்ன விளக்கம் இது: டேப்பைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது, ஸ்டாப் பட்டனுக்குப் பதில் ரெக்கார்ட் பட்டனைத் தவறி அழுத்தி, காலை பெடலிலேயே வைத்திருக்கலாம், அப்படியானாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்காது. ஒரு கால் பெடலில், ஒரு கை தூரத்து ஃபோனில் என்று அவர் உடம்பை நீட்டிக் காட்டிய படம் பத்திரிகைகளில் வந்து ஊரே சிரித்தது. ஆனால் சிரிப்பு ஆதாரம் ஆகாது. நீதிபதிக்குத் தேவைப்பட்டது வேறு.

அரசுத் தரப்பும் வெள்ளை மாளிகையும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஆறு பேர் குழு அமைக்கப்பட்டது. ரிச்சர்ட் போல்ட், ஃபிராங்க்ளின் கூப்பர், ஜேம்ஸ் ஃபிளானகன், ஜே மெக்நைட், தாமஸ் ஸ்டாக்கம், மார்க் வைஸ். எல்லாரும் ஒலியியல், பேச்சு ஆராய்ச்சி, காந்த நாடா இவற்றில் ஊறியவர்கள். இரண்டு தரப்பும் சம்மதித்த ஆட்கள் என்பதைக் கவனிங்க. அறிக்கை வந்த பிறகு 'அது உங்க ஆளு' என்று யாரும் சொல்ல முடியாது.

அவர்கள் டேப்பைக் காதால் கேட்டதோடு நிறுத்தவில்லை, கண்ணால் பார்த்தார்கள். நுண்ணிய காந்தத் துகள் கலந்த திரவத்தை டேப்பின் மேல் தடவினால், எங்கெங்கே காந்தப் பதிவு இருக்கிறதோ அங்கே துகள்கள் ஒட்டி ஒரு கோலம் மாதிரித் தெரியும். ரெக்கார்டரில் பழையதை அழிக்க ஒரு தலை, புதியதைப் பதிய ஒரு தலை என்று இரண்டு உண்டு. பதிவை நிறுத்தும்போதும் தொடங்கும்போதும் அந்தத் தலைகள் டேப்பில் தங்கள் முத்திரையை விட்டுவிடும். அந்த முத்திரைகள் வுட்ஸ் பயன்படுத்திய ஊஹர் 5000 ரக இயந்திரத்தோடு பொருந்தின.

அடுத்தது எண்ணிக்கை. அழிப்பு ஒரே மூச்சில் நடக்கவில்லை. குறைந்தது ஐந்து, அதிகபட்சம் ஒன்பது தனித்தனித் துண்டுகளாக, அடுத்தடுத்து நடந்திருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். ஒவ்வொரு துண்டையும் அழிக்க, இயந்திரத்தின் பட்டனைக் கையால் அழுத்தியிருக்க வேண்டும். கால் பெடலை மட்டும் விட்டு எடுத்தால் அந்த முத்திரை விழாது. 1974 ஜனவரியில் நீதிமன்றத்தில் சொன்னதை மே மாதம் முழு அறிக்கையாகக் கொடுத்தார்கள்.

இந்த அறிக்கையில் எனக்குப் பிடித்தது, அது எங்கே நிறுத்திக்கொண்டது என்பது. யார் அழித்தார்கள் என்று அது சொல்லவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. அழிந்த பேச்சை மீட்க முடியாது என்று ஒப்புக்கொண்டது. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் பல வருஷம் கழித்து நவீனக் கருவிகளை வைத்து மீட்க முடியுமா என்று சோதித்துவிட்டு, 2003-ல் கைவிட்டது. இன்றுவரை அந்த 18½ நிமிடத்தில் என்ன பேசினார்கள், அழித்தது யார் என்பது தெரியாது. டேப்புக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு அந்த ஆறு பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

டேப் போச்சு, எண் வந்தது

அந்த ஆறு பேரில் தாமஸ் ஸ்டாக்கம் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர். டேப் வழக்கு முடிந்த அடுத்த ஆண்டே, 1975-ல், சவுண்ட்ஸ்ட்ரீம் என்ற டிஜிட்டல் ஒலிப்பதிவு நிறுவனத்தைத் தொடங்கினார். அதாவது காந்த நாடாவில் தடயம் தேடிய மனிதரே, நாடாவின் இடத்தை எண்கள் பிடிக்கும் காலத்துக்குக் கதவைத் திறந்தவர்களில் ஒருவர்.

எண்கள் வந்ததும் பழைய தடயம் எல்லாம் போச்சு. டேப்பை வெட்டினால் பிளேடு தடம் இருக்கும். ஃபைலில் இரண்டு லட்சம் எண்களை எடுத்துவிட்டு மீதியை ஒட்டினால், அதுவும் எண்களின் வரிசைதான். தழும்பே இருக்காது.

படத்திலும் இதே கதை. ஸ்டாலின் காலத்தில் ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ் மரண தண்டனைக்கு ஆளான பிறகு, ஸ்டாலின் பக்கத்தில் நின்ற அவர் உருவத்தைப் படத்திலிருந்து நீக்கினார்கள். அதற்குக் கைதேர்ந்த ஓவியர் வேண்டியிருந்தது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் தன் செங்குத்து அட்டைக்காக எகிப்தின் இரண்டு பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் கிட்டக் கிட்ட நகர்த்தியது. அதற்கு அப்போது விலையுயர்ந்த பெரிய இயந்திரம் தேவை. 1990-ல் ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. அதற்கப்புறம் அந்த வேலை யார் மேஜையிலும் நடக்கலாம் என்றாகிவிட்டது.

அப்போ டிஜிட்டலில் தடயமே கிடையாதா? இருக்கு. ஆனால் இதைத் தேட வேண்டியது திரவத்தால் அல்ல, கணக்கால்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

நம்ம ஃபோன் எடுக்கும் படம் பெரும்பாலும் ஜேபெக். அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கிடைக்கும் எண்களை ஒரு அளவுக்கு ரவுண்ட் செய்து சிறிதாக்குகிறது. சரி, ஒரு விளையாட்டு. நிறைய எண்களை முதலில் 7-ன் மடங்காக ரவுண்ட் பண்ணுங்க: 0, 7, 14, 21, 28, 35, 42, 49. இப்போ அவற்றையே 5-ன் மடங்காக ரவுண்ட் பண்ணுங்க: 0, 5, 15, 20, 30, 35, 40, 50. என்ன ஆச்சு? 10 காணோம். 25 காணோம். 45 காணோம். நேராக 5-ன் மடங்காக ரவுண்ட் செய்திருந்தால் அவை இருந்திருக்கும். அந்த ஓட்டைகள்தான், இது இரண்டு முறை சுருக்கப்பட்டது என்பதற்கான சாட்சி.

இரண்டு முறை சுருக்கப்பட்டாலே போலி என்று அர்த்தமில்லை. நீங்க படத்தைத் திறந்து சும்மா சேவ் செய்தாலும் அப்படி ஆகும். படத்தின் ஒரு பகுதி மட்டும் மற்றதைவிட வேறு மாதிரிக் கணக்குக் காட்டினால்தான் புருவம் உயர வேண்டும். 2000-களின் முதல் பாதியில் டார்ட்மவுத் கல்லூரியில் ஹானி ஃபரீதும், பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஸிகா ஃப்ரிட்ரிக்கும் தங்கள் மாணவர்களோடு இந்த மாதிரி வழிகளை ஒவ்வொன்றாக உருவாக்கினார்கள். ஒரே படத்துக்குள் ஒரு பகுதியைக் காப்பி செய்து இன்னொரு இடத்தில் ஒட்டினதைக் கண்டுபிடிப்பது, ஒட்டினதைப் பெரிதாக்கிச் சிறிதாக்கியதைக் கண்டுபிடிப்பது, ஆளின் மேல் விழும் வெளிச்சத்தின் திசை பொருந்துகிறதா என்று பார்ப்பது.

இதில் எனக்கு ஆச்சரியமானது 2006-ல் பிங்ஹாம்டனில் லூகாஷ், ஃப்ரிட்ரிக், கோல்யான் மூவரும் வெளியிட்ட வேலை. கேமரா சென்சாரில் லட்சக்கணக்கான பிக்சல்கள். செய்யும்போது சின்னச் சின்ன வேறுபாடு வரும். ஒரு பிக்சல் வெளிச்சத்தைக் கொஞ்சம் அதிகம் வாங்கும், பக்கத்தது கொஞ்சம் குறைவாக வாங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கேமரா எடுக்கும் எல்லாப் படத்திலும் அதே கோலம் விழும். பல படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்தக் கோலம் வெளியே வரும். அது கேமராவின் கைரேகை. இந்தப் படம் இந்தக் கேமராவில் எடுத்ததா என்று சொல்லலாம். படத்தின் ஒரு மூலையில் மட்டும் கைரேகை காணவில்லை என்றால், அங்கே வேறு எதுவோ வந்து உட்கார்ந்திருக்கிறது என்றும் சொல்லலாம். ஊஹர் 5000 டேப்பில் விட்ட முத்திரையும் இதுவும் ஒரே யோசனை. இயந்திரம் தன் கையெழுத்தைப் போடாமல் வேலை செய்யாது.

எப்பவும் இவ்வளவு கணக்கு தேவைப்படுவதில்லை. அதே 2006 ஆகஸ்டில், லெபனான் போரின்போது பெய்ரூட் மேல் புகை எழும் ஒரு படத்தை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. ஒரே மாதிரிப் புகைச் சுருள் திரும்பத் திரும்ப வருவதை இணையத்தில் எழுதும் சிலர் வெறும் கண்ணாலேயே பிடித்துவிட்டார்கள். ஃபோட்டோஷாப்பில் புகையைக் காப்பி செய்து அடர்த்தி கூட்டியிருந்தார்கள். ராய்ட்டர்ஸ் அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களைத் தன் தொகுப்பிலிருந்தே எடுத்துவிட்டது. இதில் கொடுமை என்னன்னா, அந்த ஊரில் குண்டு விழுந்தது உண்மை, புகையும் உண்மை. கொஞ்சம் கூட்டிக் காட்டினதால், உண்மையான அழிவைக் காட்டிய படங்களையும் 'இதுவும் போலியா இருக்கும்' என்று ஒதுக்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

கரண்ட் சொல்லும் சாட்சி

இப்போ ஒலிக்கு வருவோம். வீட்டில் ஃபேன், டியூப்லைட், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஒரு 'ம்ம்ம்' சத்தம் இருக்கும். இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஊசலாடுவதால் வரும் முனகல் அது. ஆனால் அது எப்பவும் துல்லியமா 50 கிடையாது. ஊரெல்லாம் ஏசி போட்டால் 49.95-க்கு இறங்கும்; தேவை குறைந்தால் 50.02-க்கு ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆனால் ஒரே கிரிட்டில் இருக்கும் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் அது ஒரே மாதிரி இருக்கும்.

ருமேனியாவின் கட்டாலின் கிரிகோராஸ் இதைப் பிடித்துக்கொண்டார். 2000-களின் தொடக்கத்தில் அவர் காட்டியது இதுதான்: ஒலிப்பதிவில் ஒட்டியிருக்கும் இந்த முனகலை மட்டும் பிரித்தெடுத்து, கிரிட்டின் பதிவேட்டோடு பொருத்தினால், அந்தப் பதிவு எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லலாம். நடுவில் வெட்டியிருந்தால் அலை ஒரு இடத்தில் திடீரென்று தாவும். லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸின் ஆய்வகம் 2005-லிருந்து பிரிட்டன் கிரிட்டின் முனகலை இடைவிடாமல் பதிந்து வைத்திருக்கிறது. அங்கே ஒரு ஆயுத விற்பனை வழக்கில், போலீஸ் ரகசியமாக எடுத்த பதிவை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. முனகலைப் பொருத்திப் பார்த்தார்கள், தாவலே இல்லை. பதிவு முழுசு என்று நின்றது. இந்த அறிவியல் போலியைப் பிடிக்க மட்டும் இல்லை, உண்மையைக் காப்பாற்றவும்தான் என்பதற்காக இதைச் சொல்றேன்.

வாட்டர்கேட் குழுவும் இதையே தொட்டிருக்கிறது. அந்த இரைச்சலில் அமெரிக்க மின்சாரத்தின் 60 சைக்கிள் முனகல் இருந்தது. அதன் அலை எங்கே தொடர்கிறது, எங்கே முறிகிறது என்று அவர்கள் பார்த்தார்கள்.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு கதை உண்டு. தென்னிந்திய கிரிட் நீண்ட காலம் தனியாகவே ஓடியது. அதனால்தான் 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா, கிழக்கு எல்லாம் இருண்டபோது தென் மாநிலங்கள் தப்பின. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் மூலம் தெற்கு கிரிட் மற்றதோடு இணைந்தது. அன்றிலிருந்து நாகர்கோவிலில் ஓடும் ஃபேனும் லூதியானாவில் ஓடும் ஃபேனும் ஒரே முனகலைத்தான் முனகுகின்றன. நேரத்தைக் கண்டுபிடிக்க இது நல்லது. ஆனால் 2014-க்குப் பிறகு எடுத்த பதிவில், இது தெற்கில் எடுத்ததா வடக்கில் எடுத்ததா என்று அந்த முனகலின் பொதுவான ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நீதிமன்றம் கேட்பது

நம்ம நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்த்தன? வாட்டர்கேட் நடந்த அதே 1972-ல், செப்டம்பரில், உச்ச நீதிமன்றம் மல்கானி வழக்கில் தீர்ப்பளித்தது. பம்பாயின் மரண விசாரணை அதிகாரி ஒருவர் லஞ்சம் பேசிய தொலைபேசி உரையாடலின் டேப். அதை ஆதாரமாக ஏற்கலாம் என்றது நீதிமன்றம். 1985-ல் ராம் சிங் வழக்கில் நிபந்தனைகளைத் தெளிவாக வரிசைப்படுத்தியது. குரல் யாருடையது என்று அடையாளம் காட்டணும், பதிவு சரியானது என்று நிரூபிக்கணும், கைவைத்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டணும், பேச்சு வழக்குக்குத் தொடர்புள்ளதா இருக்கணும், சீல் வைத்துப் பத்திரமாக வைத்திருக்கணும், குரல் தெளிவாகக் கேட்கணும்.

இதில் சீல் வைப்பதன் டிஜிட்டல் வடிவம்தான் ஹேஷ். ஃபைல் முழுவதையும் ஒரு கணக்கில் போட்டால் ஒரு நீண்ட எண் வரும். ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமில், மின்னணு ஆதாரத்தோடு கொடுக்க வேண்டிய சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹேஷ் எண்ணுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் இதன் எல்லையையும் சொல்லணும். ஹேஷ் எடுத்த பிறகு யாரும் கைவைக்கவில்லை என்றுதான் அது சொல்லும். எடுப்பதற்கு முன் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

வெட்டவே வேண்டாம், செய்துவிடலாம்

இதுவரை சொன்னதெல்லாம், உண்மையாக ஒன்று பதிவாகி, பிறகு யாரோ கைவைத்தார்கள் என்ற கதை. இப்போ முதலிலிருந்தே இல்லாத பேச்சைச் செய்துவிடலாம். 2024-ல் லால் சலாம் படத்தில் மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, வெளிப்படையாகச் சொல்லிச் செய்தார். கேட்டு நெகிழ்ந்தவர்கள் நம்மில் பலர். அதே கருவி, அனுமதி இல்லாமல், சொல்லாமல், யார் கையிலும் இருக்கலாம்.

கண்டுபிடிக்க ஆராய்ச்சிகள் நடக்கின்றன. 2015-லிருந்து ஏஎஸ்வி-ஸ்பூஃப் என்று ஒரு சர்வதேசப் போட்டியே உண்டு. போலிக் குரலை யார் நன்றாகப் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். ஆனால் பிடிக்கும் மென்பொருள் எந்தப் போலிகளைப் பார்த்துக் கற்றதோ அவற்றைத்தான் நன்றாகப் பிடிக்கும். புது மாதிரிப் போலி வந்தால் தடுமாறும். என் துறை இதுதான் என்பதால் சொல்றேன்: '97 சதவீதம் போலி' என்று ஒரு வெப்சைட் சொன்னால், அது தீர்ப்பு இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்தை செஸ்னி, சிட்ரன் என்ற இரண்டு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் சொன்னார்கள். பொய்யனுக்குக் கிடைக்கும் லாபம் என்று அதைச் சொல்லலாம். எதையும் போலியாகச் செய்யலாம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டால், உண்மையாகவே மாட்டிக்கொண்டவனும் 'அது நான் இல்ல, ஏஐ' என்று தப்பிக்கலாம். பெய்ரூட் புகையில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

சித்தப்பாவின் லெட்டர்

சரி, அந்த 19 விநாடி.

ஸ்பெக்ட்ரோகிராம் போட்டுப் பார்த்தேன். ஹெட்ஃபோனில் ஐம்பது முறையாவது கேட்டிருப்பேன். 50 சைக்கிள் முனகலைத் தேடினேன். இல்லை. பேச்சுக்காகவே சுருக்கும் மென்பொருள், கீழ்ச் சத்தத்தை எல்லாம் துடைத்துவிட்டிருந்தது. அந்த ஃபைல் எந்த ஃபோனில் பதிவாகி, எத்தனை ஆப்களைத் தாண்டி வந்ததோ தெரியாது. நடுவில் தாவல் எதுவும் இல்லை. பின்னணியில் ஓடும் ஃபேன் சத்தம் கடைசி விநாடி வரை ஒரே சீராக இருந்தது.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. நடுவில் யாரும் வெட்டவே இல்லை. சித்தப்பா சொன்னது உண்மையென்றால், அவர்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: 'வாங்கிக்கலாம்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார்கள். தமிழில் வாக்கியத்தின் உயிர் வால்பகுதியில் இருக்கு. 'வாங்கிக்கலாம்' என்பதற்குப் பின்னால் 'னு நினைக்கிறவங்க' என்று வருமா வராதா என்பதில்தான் மனுஷன் திருடனா யோக்கியனா என்பதே இருக்கு. அந்த 'னு' என்ற ஒற்றை எழுத்துக்கு முன்னால் நிறுத்தினால் போதும். அந்தச் சின்ன ஃபைலுக்குள் எந்தத் தடயமும் இருக்காது, ஏன்னா உள்ளே இருக்கிற எல்லாமே உண்மை.

சித்தப்பாவுக்கு ஃபோன் பண்ணேன். "வெட்டினதுன்னு என்னால எழுதித் தர முடியாது சித்தப்பா. வெட்டலைன்னும் சொல்ல முடியாது. முழுப் பதிவு யார்கிட்டயாவது இருக்கணும். அத கேளுங்க."

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்போ நீயும் நம்பல" என்றார்.

"நம்பறேன். ஆனா நான் நம்பறது லெட்டர் ஆகாது சித்தப்பா" என்றேன். அந்த வார்த்தையை இன்னும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு என் தலைக்குள் இருந்தது அந்த ஆறு பேர்தான். அவர்கள் அறிக்கை நின்றதற்குக் காரணம், அசல் டேப்பே அவர்கள் கையில் இருந்தது, இயந்திரமும் கையில் இருந்தது, தெரிந்ததற்கு மேல் ஒரு வரிகூட அவர்கள் எழுதவில்லை. என்னிடம் இருந்தது எங்கேயோ சுற்றி வந்த ஒரு பிரதி. அதை வைத்து, சொந்தக்காரன் என்பதற்காக 'வெட்டியது' என்று எழுதியிருந்தால், எதிர்த்தரப்பில் வேறு யாராவது எடுத்துப் பார்த்து 'ஒரு வெட்டும் இல்லையே' என்று சொல்லியிருப்பார்கள். சித்தப்பா கதை அதோடு முடிந்திருக்கும்.

பதினோரு நாள் கழித்து முழுப் பதிவு கிடைத்தது. சங்கத்தின் செயலாளர் அம்மா, கூட்டத்தின் மினிட்ஸ் எழுதுவதற்காக ஒவ்வொரு கூட்டத்தையும் தன் ஃபோனில் பதிவு செய்யும் பழக்கம் உள்ளவர். 1 மணி 12 நிமிடப் பதிவு. அந்த ஃபோனிலேயே, கூட்டம் நடந்த தேதியோடு அப்படியே இருந்தது. அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போட்டார்கள். 'வாங்கிக்கலாம்'. அதற்கப்புறம் 'னு நினைக்கிறவங்க இந்தக் கமிட்டியில இருக்கவே வேண்டாம்'. அறையில் ஒரு சத்தமில்லை என்றார் சித்தி. குரூப்பில் யாரோ ஒருவர் கைகூப்பும் எமோஜி போட்டார். கிளிப்பை முதலில் போட்டவர் ஒன்றும் போடவில்லை.

அதற்குள் சித்தப்பா பொருளாளர் பொறுப்பை ராஜினாமா செய்துவிட்டிருந்தார். திரும்ப வாங்கச் சொல்லிக் கேட்டும் போகவில்லை. இப்போ தண்ணி லாரிக் கணக்கை வேறு யாரோ பார்க்கிறார்கள்.

அதனால் இந்த எபிசோடைக் கேட்கிற உங்களிடம் என் வேண்டுகோள் ரொம்பச் சின்னது. முக்கியமான பதிவு எதுவா இருந்தாலும், அது பதிவான ஃபோனிலேயே அசலை வையுங்க, டெலிட் பண்ணாதீங்க. யாருக்காவது அனுப்பணும்னா டாக்குமென்ட் ஆக அனுப்புங்க, மறுபடி சுருங்காது. ஒரு துண்டு உங்கள் கைக்கு வந்தால், இது போலியா என்று கேட்பதற்கு முன்னால், இதன் முழுசு எங்கே என்று கேளுங்க. அந்தக் கேள்விக்கு ஸ்பெக்ட்ரோகிராம் வேண்டாம்.

சித்தப்பா போன வாரம் பேசினார். "அந்த அமெரிக்கக் கதையில, அழிச்சது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலையா?" என்று கேட்டார். "தெரியல சித்தப்பா" என்றேன். "எனக்குப் பரவாயில்ல போல, எனக்காவது யாருன்னு தெரியும்" என்று சிரித்தார். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.